வலி இல்லையே என்றிருந்தேன்

இதை எழுத எனக்கு ஐந்து மாதம் ஆனது, சகோதரிகளே.

என் ஒரே மகள் எஸ்தர் மதுரையில் வாழ்க்கைப்பட்டவள். முதல் பிள்ளையைச் சுமந்திருந்தாள். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் வாயை மூடிக் கிடப்பதாக ஸ்கேனில் சொன்னார்கள். ஏழாம் மாதத்திலும் அது மேலே ஏறவில்லை. "பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கட்டும்" என்றார் டாக்டர். சம்பந்தியம்மாவும் கெஞ்சினார்கள். நான்தான் கேட்கவில்லை.

"தலைப்பிரசவத்துக்குப் பிள்ளையக் கூட்டிட்டுப் போகலைன்னா ஊரு என்ன பேசும், மதினி? எங்க வீட்ல சோறு இல்லையா?"

பள்ளி ஆசிரியையான நான்தான் இப்படிப் பேசினேன். எங்கள் கிராமமான பரளச்சிக்குக் கூட்டிவந்துவிட்டேன்.

மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அவள் சேலையில் ரத்தம். "வலிக்குதா?" என்றேன். "இல்லம்மா." வலி இல்லையே என்று படுக்கவைத்தேன். ஒரு மணி நேரம். பாய் நனைந்த பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்.

அருப்புக்கோட்டையில் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி மதுரைக்கு அனுப்பினார்கள். போனதும் ஆபரேஷன். ஆண் குழந்தை. இருபது நிமிடம்தான் மூச்சு விட்டான்.

அதன் பிறகும் ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா வெளியே வந்தார். "நஞ்சு இருந்த எடத்துலருந்து கொட்டுது. உள்ள பலூன் வச்சு அழுத்தியிருக்கோம். நிக்கலைன்னா கர்ப்பப்பையை எடுக்கணும். ரத்தம் இன்னும் வேணும்."

தரையில் விழுந்தேன். "ஆண்டவரே, பிடிவாதம் என்னுடையது. அவள்மேல் சுமத்தாதேயும்." அவ்வளவுதான் சொன்னேன்.

நிமிர்ந்தபோது சம்பந்தியம்மா நின்றார்கள். பின்னால் அவர்கள் சபையார் ஏழு பேர்.

"மன்னிச்சிருங்க மதினி" என்றேன்.

"அழுகையெல்லாம் பெறகு. எந்திரிங்க. இவுக ரத்தம் குடுக்க வந்திருக்காக, எங்க போகணும்னு கேளுங்க."

சாயங்காலம் ரத்தம் நின்றது. கர்ப்பப்பையை எடுக்கவில்லை. கர்த்தர் என் மகளைத் திருப்பித் தந்தார்.

கண் விழித்ததும் அவள் கேட்டாள்: "புள்ள யாரு மாதிரிம்மா இருந்தான்?"

"உன்ன மாதிரி" என்றேன்.

இப்போது அவள் மாமியார் வீட்டில் தேறிவருகிறாள். நான் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறேன். ஜெபக்கூட்டத்துக்கு வரும் பிள்ளைத்தாய்ச்சிகளிடம், "ஸ்கேன்ல நஞ்சு எங்க இருக்குன்னு சொன்னாக?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அவர் இரக்கமுள்ளவர், நம்புங்கள். ஆனால் ரத்தத்தைக் கண்டால், வலி இல்லாவிட்டாலும், உடனே கிளம்புங்கள். வண்டியில் ஏறிய பிறகு ஜெபிக்கலாம். அங்கேயும் அவர் கேட்கிறார்.