இடது பக்கம் பாக்கி

காலை ஏழே காலுக்கு, எங்கள் கணபதி பகுதியில் நான் வழக்கமாகப் போகும் சலூனுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கை. நாற்காலிப் பிடியிலிருந்து நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. கைக்கு உரியவர் பக்கத்துத் தெரு லேத் பட்டறைக்காரர். அவர் தலை சலூன்காரரின் உள்ளங்கைகளுக்கு நடுவே வலப்பக்கம் திரும்பியிருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. முடி வெட்டியானதும் கழுத்தை வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை வெடுக்கென்று திருப்பி நெட்டி எடுப்பார்கள். தனிக் காசு கிடையாது. கத்தியைக் கொதிநீரில் போடுகிறாரா, துண்டைத் துவைக்கிறாரா என்று பார்க்கச் சுகாதார இன்ஸ்பெக்டர் வருவார். பார்த்து முடித்ததும் அவரும் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைக் கொடுப்பார்.

"வெரலெல்லாம் எறும்பு ஊர்றாப்பல இருக்குதுங்க" என்றார் பட்டறைக்காரர். சலூன்காரர் சட்டென்று கைகளை எடுத்துவிட்டார்.

"ஏனுங்க நிறுத்திப்போட்டீங்க? இந்தப் பக்கம்?"

"வேண்டாமுங்க. மொதல்ல டாக்டரைப் பாருங்க."

பெஞ்சில் நான் வேலை பார்க்கும் பத்திரிகையைப் படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் தலையை நிமிர்த்தாமலே தீர்ப்புச் சொன்னார்: "ஒரு மாட்டை அவுத்து உட்டுப்போட்டு வண்டி ஓட்டச் சொன்னா எப்படீங்க ஓடும்?"

தீர்ப்பு மதியத்துக்குள் தெரு முழுவதும் பரவிவிட்டது. வலது பக்கம் எடுத்துவிட்டு இடது பக்கம் எடுக்காமல் விட்டதால் கை மரத்துவிட்டது. அதாவது, சலூன்காரர் எதைச் செய்யாமல் நிறுத்தினாரோ அதுதான் குற்றம். செய்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை.

டாக்டர் கழுத்து நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார். ஓய்வு கொடுத்தால் கை திரும்பிவிடக்கூடும், இனி யாரும் கழுத்தைத் தொடக் கூடாது என்றார். பட்டறைக்காரர் கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டபடி சலூனுக்கு வந்து இதைச் சொன்னார். "தொடாம எப்படீங்க செரியாகும்? படிச்சவரு பேசற பேச்சா இது?"

மறுநாள் கண்ணாடிக்கு மேலே ஓர் அட்டை தொங்கியது: 'இங்கு நெட்டி எடுப்பதில்லை.' காரணம் எழுதப்படவில்லை. வந்தவர்கள் படித்துவிட்டு நின்றார்கள்.

"வெறும் முடி வெட்டறதுக்கு யாருங்க சலூனுக்கு வாரது?" என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார். எதிரே சத்தியமங்கலத்துக்காரர் ஒருவரின் சலூன் இருந்தது. அவர் நெட்டி எடுத்தால் ரோட்டுக்குக் கேட்கும் என்று பெயர். கூட்டம் அங்கே போயிற்று.

வேலை இல்லாத சலூன்காரர் சாயங்காலங்களில் பட்டறைக்குப் போய் உட்கார்ந்தார். நானும் ஒருநாள் கூட இருந்தேன். பட்டறைக்காரர் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக் காட்டினார். விரல்கள் நடுங்கினாலும் பொத்தான் மாட்டிக்கொண்டது. லேத் பிடிக்க மட்டும் இன்னும் பிடிமானம் வரவில்லை.

"வந்துட்டிருக்குதுங்க. அவசரப்படாதீங்க" என்றார் சலூன்காரர்.

"அந்தப் பக்கத்தையும் எடுத்துப்போட்டா ஒரே நாள்ல வந்துரும். என்ற கை போனா பட்டறையே போச்சுங்க."

"என்ற மேல கோவம்னா ரெண்டு அடி அடிச்சுப்போடுங்க. கழுத்தை மட்டும் யாருகிட்டயும் குடுத்துப்போடாதீங்க."

"செஞ்சுபோட்டுப் பாதியில உட்டவரு நீங்க. இப்ப புத்தி சொல்றீங்களாக்கும்" என்று சிரித்தார் பட்டறைக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை நான் முகத்தில் சோப்பு நுரையோடு சலூனில் உட்கார்ந்திருந்தேன். வேறு யாரும் இல்லை. கண்ணாடியில் எதிர்க்கடை நன்றாகத் தெரிந்தது. அங்கே நாற்காலியில் பட்டறைக்காரர் உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் வாத்தியார். என் கன்னத்தில் கத்தி நின்றது. சலூன்காரர் கத்தியை மடக்காமலே வாசலுக்கு ஓடினார். அவர் ரோட்டின் பாதியைத் தாண்டுவதற்குள் சத்தம் கேட்டது. பெயர் பொய்யில்லை.

"இப்பத்தானுங்க பாரம் எறங்குச்சு" என்ற பட்டறைக்காரரின் குரலும் கேட்டது. கடைக்குள் எல்லோருக்கும் திருப்தி. கையில் திறந்த கத்தியோடு நடுரோட்டில் நின்றவரை வாத்தியார் பத்திரிகைக்கு மேலாகப் பார்த்தார்.

அடுத்த மாதத்திலிருந்து பட்டறையில் லேத்தைப் பட்டறைக்காரரின் மைத்துனர் ஓட்டினார்.