இரண்டு நாற்பதுக்கு மூன்று தட்டு

இது நடந்தது. 1998 செப்டம்பரில், கோலார் தங்கவயலின் கோரமண்டல் பகுதியில், பட்டப்பகலில் நடந்தது. திலீப் சொன்னான் என்பதற்காக யாரும் இதை நம்ப வேண்டியதில்லை. அறுபதைத் தொடப்போகிற பிரின்சிபாலுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதென்று நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டிவிட்டு, முதல் ஆளாகப் போய் அவருக்கே கைகொடுத்தவன் அவன். முகத்தில் ஒரு சிரிப்பு கிடையாது. ஆனால் இதற்கு அவன் அப்பா சௌந்தரராஜனும் சாட்சி. அவருக்குப் பொய் சொல்ல வராது. சொல்லத் தெம்பும் இல்லை.

பேய்க்கு ராத்திரியில்தான் வேலை என்று மற்ற ஊர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேஜிஎஃப்பில் எல்லாருக்கும் ஷிஃப்ட் உண்டு.

சௌந்தரராஜன் சுரங்கத்தில் இன்ஜின் டிரைவர். ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழிக்குள் தொங்குகிற கேஜை, அந்தக் கூண்டை, ஆட்களோடு கீழே இறக்குவதும் மேலே தூக்குவதும் அவர் கையிலிருக்கும் லீவர்தான். கேஜில் யார் நிற்கிறார்கள் என்று அவர் இடத்திலிருந்து தெரியாது. மணிதான் சொல்லும். மூன்று அடித்தால் ஆள் ஏறியாயிற்று. அதன்பின் ஒன்று அடித்தால் மேலே தூக்க வேண்டும். இரண்டு அடித்தால் கீழே இறக்க வேண்டும். இருபத்தாறு வருடமாக அவர் அதிகம் பேசியது அந்த மணியோடுதான்.

அந்த மாதம் முழுக்க அவருக்கு நைட் ஷிஃப்ட். சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. ஆள் குறைந்துபோய், மாற்றிவிட ஆளில்லை. காலை ஏழுக்கு வருவார். ஒரு சொம்பு கஞ்சி குடிப்பார். படுப்பார். சாயங்காலம்வரை தூங்கியாக வேண்டும். அவர் தூங்காவிட்டால் ராத்திரி கேஜில் நிற்கிற நாற்பது பேருக்கு என்ன ஆகும் என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை.

அம்மா விமலா, மூத்த மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூர் போயிருந்தாள். வீட்டில் மிஞ்சியது இரண்டு ஆம்பிளைகள், ஒரு டிவி, ஒரு வீடியோ டெக். திலீப்புக்குக் காலேஜ் பன்னிரண்டரைக்கே விட்டுவிடும். கையெழுத்துப் பத்திரிகையில் 'வீட்டில் பார்த்தவை' என்று ஒரு பகுதி எழுதிவந்தான். வாரம் ஐந்து வாடகைக் கேசட். ஒரே படத்தைச் சட்டை மாற்றி மாற்றி எடுத்திருந்தார்கள். பார்த்துப் பார்த்துக் கண் புளித்துவிட்டது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. பத்திரிகையில் அந்த ஒரு பக்கத்தைத்தான் படிக்கிறார்கள் என்று எடிட்டர் ஆபிரகாம் சொல்லியிருந்தான். மீதிப் பக்கங்களில் ஆபிரகாமின் கவிதைகள்.

இருந்ததோ ஒரே நீள அறை. மகன் படம் பார்க்க வேண்டும், அப்பா தூங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சௌந்தரராஜன் எங்கிருந்தோ பழைய பலகைகளைத் தூக்கிவந்து அறையை நடுவில் தடுத்தார். ஓரத்தில் ஆள் நுழைய வழி விட்டார். அந்தப் பக்கம் கட்டில், இந்தப் பக்கம் டிவி. பலகை கறுப்பாக இருந்தது. கிரீஸ் வாடை அடித்தது. ஓர் அங்குலக் கனம்கூட இருக்காது. அது எந்தச் சத்தத்தைத் தடுக்கும்? திலீப் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுத்தான் பார்த்தான்.

திங்கட்கிழமை குடும்பப் படம். நோட்டில் எழுதினான்: 'மொத்தம் ஏழு பேர் அழுகிறார்கள். எதற்கென்று தெரியவில்லை. சத்தம் வைத்துப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.' கடைசியில் கதாநாயகி ஒரு கடிதத்தைப் படித்தாள். அதை மட்டும் கேட்கலாமென்று ரிமோட்டை அமுக்கினான். திரையில் சத்தத்துக்கு ஒரே ஒரு பச்சைக் கோடு ஏறியது.

டக்... டக்... டக்.

பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. திலீப் கோட்டைக் குறைத்துவிட்டு கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு நாற்பது.

செவ்வாய்க்கிழமை போலீஸ் படம். 'நாயகன் வாயைத் திறக்காமல் பதினாறு பேரை அடித்தார். பிறகு வாயைத் திறந்தார். நமக்குக் கேட்கவில்லை. இந்தப் படத்தின் சிறந்த காட்சி அதுதான்.' அன்றைக்கு அவன் ரிமோட்டைத் தொடவில்லை. இருந்தும் தட்டு வந்தது. மூன்று. இரண்டு நாற்பது.

புதன்கிழமை பேய்ப்படம். 'சத்தமில்லாமல் பார்த்தால் பேய் பாவமாக இருக்கிறது. வெள்ளைப் புடவையை அழுக்காகாமல் வைத்துக்கொள்ள அந்தப் பெண் படுகிற பாட்டை யாரும் கவனிப்பதில்லை.' எழுதிக்கொண்டிருக்கும்போதே கேட்டது.

டக்... டக்... டக்.

"சத்தமே வெக்கலப்பா," என்றான் திலீப், பலகையைப் பார்த்து.

பதிலுக்குக் குறட்டைதான் வந்தது. சௌந்தரராஜனின் குறட்டை தெருவுக்கே தெரிந்தது. ஏற்றத்தில் போகிற லாரி மாதிரி. திலீப் பேனாவைக் கீழே வைத்தான். தட்டு கேட்டபோதும் அந்தக் குறட்டை நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுத்த நொடி குறட்டை அறுந்தது. கட்டில் கிறீச்சிட்டது. அப்பா எழுந்துவிட்டார்.

வெளியே வந்தவரின் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"பலகைய எதுக்குடா தட்ற?"

"நானா? நீதானப்பா தட்ற."

"விளையாடாத. மூணு தட்டு கேட்டா என் கை தானா லீவரைத் தேடுது. முழிச்சிக்கிறேன். அப்பறம் தூக்கமே வர மாட்டன்னுது. மூணு நாளா இதான்."

"சத்தியமா நான் இல்லப்பா."

"உன் சத்தியம். பிரின்சிபாலுக்குக் கல்யாணம் பண்ணி வெச்ச வாய்தானே அது."

சௌந்தரராஜன் வாசற்படியில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கினார்.

"நேத்து ராத்திரி கண்ணு சொக்கிடுச்சி. ஒரு செகண்டு. கேஜு ஆறடி தாண்டிப் போயி நின்னுது. உள்ள முப்பத்தெட்டு பேரு." மகனை நிமிர்ந்து பார்த்தார். "வேணாம்டா. நான் தூங்கணும்."

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது திலீப்புக்கு.

வியாழக்கிழமை அவன் டிவியே போடவில்லை. வாசற்படியில் தட்டோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டான். பலகையிலிருந்து பத்தடி தூரம். இரண்டு நாற்பதுக்கு வழக்கம்போல மூன்று. சௌந்தரராஜன் கையை ஓங்கிக்கொண்டே வெளியே வந்தார். வாசலில் சோற்றுக்கையோடு உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். ஓங்கிய கை மெல்ல இறங்கியது.

ராத்திரி வேலைக்குக் கிளம்பும்போது சொன்னார்: "நாளைக்கி நானும் இந்தப் பக்கம் உக்காந்துக்கிறேன்."

வெள்ளிக்கிழமை. டிவியில் ஏதோ ஒரு படம், சத்தமில்லாமல். அப்பாவும் மகனும் பக்கத்துப் பக்கத்தில். என்ன படம் என்று இருவரும் பார்க்கவில்லை.

2.38. வெளியே ஒரு காக்கை கத்தி நின்றது.

2.39. கரண்ட் போனது. திரை அணைந்தது.

2.40.

டக்... டக்... டக்.

சௌந்தரராஜன் எழுந்து ஓரத்து வழியாக உள்ளே போனார். கட்டில் காலி. மடித்த போர்வை, மடித்தபடி.

டக்... டக்... டக்.

"உன் பக்கமாடா?" என்றார் உள்ளேயிருந்து.

"இல்லப்பா. உன் பக்கம்."

"என் பக்கம் இல்ல."

இந்தப் பக்கமும் இல்லை. அந்தப் பக்கமும் இல்லை. நடுவில் இருந்தது பலகை மட்டும்.

ஓர் அங்குலக் கனம்கூட இல்லாத பலகை...

திலீப் உள்ளங்கையை அதன்மேல் வைத்தான். ஈரம். குளிர்ந்த ஈரம்.

கைக்கு அடியிலேயே தட்டியது.

டக்.

டக்.

டக்.

"இது எங்கப்பா எடுத்தாந்த?" என்றான் திலீப்.

"பழைய கேஜு ஒண்ணு. காயலான் கடைக்குப் போட்டிருந்தாங்க." பலகையைத் தொட்டார். "அதோட தரைப்பலகைடா இது."

டக்... டக்... டக்.

"ஆளு ஏறிட்டான்," என்றார் சௌந்தரராஜன். வேலையில் பேசுகிற குரல். "மேலயா கீழயான்னு சொல்ல மாட்றான்."

"யாருப்பா?"

"தெர்ல. நாலஞ்சி நாளா நின்னுக்கினே கீறான் பாவம்."

பிறகு அவரும் தட்டினார். மணிக்குப் பதில் மணி கொடுப்பதுபோல, மூன்று. கொஞ்சம் இடைவெளி. அதன்பின் ஒன்று.

மேலே.

எங்கோ ரொம்பக் கீழே கம்பி வடம் இழுபடுகிற மாதிரி ஒரு முனகல்... தரைக்கு அடியில்... நெடுநேரம்.

நின்றது.

2.46க்குக் கரண்ட் வந்தது. சௌந்தரராஜன் போய்ப் படுத்தார். குறட்டை உடனே கிளம்பியது. சாயங்காலம் ஏழரை வரை அசையவில்லை. திலீப் இரண்டு முறை எட்டிப் பார்த்தான். கட்டிலின் ஓரத்தில் ஒடுங்கி, பாதிக் கட்டிலைக் காலியாக விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். புழுக்கமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அதன்பின் தட்டு வரவில்லை. சனிக்கிழமையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திலீப் துணிந்து ஒரு கோடு சத்தம் வைத்துப் படம் பார்த்தான். அந்த நேரத்தில்தான் வேலு வந்தார். மத்தியான ஷிஃப்டின் இன்ஜின் டிரைவர்; அன்று அவருக்கு லீவு. ராத்திரி பத்துக்கு அவரிடமிருந்துதான் அப்பா லீவரை வாங்குவார்.

"அப்பா தூங்கறாரா? தூங்கட்டும். நல்லாத்தான் கீறாரா? நான் சொன்னதைக் கேட்டு பயந்துட்டாரோன்னு பாக்க வந்தேன்."

"இன்னா சொன்னீங்கண்ணா?"

"ஓ, உன்கிட்ட சொல்லலியா." வேலு குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை. ரெண்டே முக்கால் இருக்கும். காலி கேஜைப் பாதி ஆழத்துல நிறுத்திட்டு டீ குடிச்சிக்கினு இருந்தேன். மணி அடிச்சுது. மூணு. அப்பறம் ஒண்ணு."

திலீப் பலகையைத் திரும்பிப் பார்த்தான்.

"கேஜு நின்ன எடத்துல பழைய லெவல் சுரங்கம் ஒண்ணு கீது. அதை அடைச்சி பதினோரு வருஷம் ஆச்சி. மணிக் கம்பியே அறுத்தாச்சி."

"அப்பறம் ஏன் தூக்கினீங்க?"

"மணி அடிச்சா தூக்கணும். யாருன்னு கேக்கறது நம்ம வேல இல்ல. தூக்கினேன். காலி கேஜு இல்ல தம்பி. ஒரு ஆள் பாரம். கைக்குத் தெரியும்." வேலு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "மேல வந்துச்சி. கதவைத் தொறந்தாங்க. யாரும் இல்ல. மூடினாங்க. மறுபடி லேசாத் தூக்கிப் பாத்தேன். பாரம் இல்ல. எறங்கிட்டான்."

"அப்பா இன்னா சொன்னாரு?"

"சரி, வூட்டுக்குத்தான் போயிருப்பான்னாரு. லீவரைப் பிடிச்சிக்கினாரு."

டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். வேலு கிளம்ப எழுந்தவர், பலகைப் பக்கம் தலையைச் சாய்த்து நின்றார்.

"ஊர்லேந்து ஆள் வந்துக்கீறாங்களா?"

"இல்லியேண்ணா. அப்பா மட்டுந்தான்."

"ரெண்டு குறட்டை கேக்குது."

திலீப்பும் கேட்டான். ஒன்று ஏற்றத்தில் போகிற லாரி. இன்னொன்று அதற்கு அடியில், மெல்லியதாக, ஒரே சீராக... ரொம்ப நாள் தூங்காத ஆள் தூங்குகிற மாதிரி.

அவன் எட்டிப் பார்க்கவில்லை. ரிமோட்டை எடுத்து, இருந்த அந்த ஒரு கோட்டையும் குறைத்தான்.