மூன்றாம் பாகத்தைக் கடைசியாக வாசித்தவர்

ஞானசம்பந்தம் வாகனக் காப்புறுதி நிறுவனமொன்றில் மதிப்பீட்டாளர். கொழும்பில் எங்கே இரண்டு வாகனங்கள் முட்டிக்கொண்டாலும், கூட்டம் கலைந்து, சாரதிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நிற்கும் வேளையில் அவர் போய்ச் சேருவார். நசுங்கிய இடத்தைத் தடவிப் பார்ப்பார். கண்ணாடித் தூள் எந்தப் பக்கம் சிதறியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். பிறகு பிழை யாருடையது என்று சொல்லுவார். விபத்தொன்று நடப்பதைத் தன் கண்ணால் அவர் இதுவரை கண்டதில்லை. அதில் அவருக்குக் கவலையுமில்லை. கண்டவன்தான் பொய் சொல்லுவான் என்பது அவருடைய கொள்கை.

இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. போகுமிடமெல்லாம் யாராவது ஒருவர் அவரை வெறுத்துக்கொண்டு நிற்பார். நாளில் மூன்று விபத்தென்றால் மூன்று பேர். அவருடைய வரவை மனமாரப் பார்த்திருக்கும் இடம் இந்த நகரத்தில் ஒன்றே ஒன்றுதான்: வெள்ளவத்தையில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில், மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், சித்திரக்கதை வாசிக்கும் நாலு பேர் கூடும் மேசை. அங்கே போய்வரும் நாளில் மட்டும் மனுசன் சிரித்துக்கொண்டு படியேறுகிறார் என்று அவருடைய மனைவி அபிராமி சொல்லுவாள். வீட்டில் சிரிப்பதில்லையா என்று கேட்டால், வீட்டிலும் பிழை யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறதாம்.

மற்ற மூவரில் ஹமீட் புறக்கோட்டையில் மின்சாதனக் கடை வைத்திருப்பவர். சரக்கெடுக்கச் சென்னைக்குப் போகும்போது சூட்கேசின் அடியில் சித்திரக்கதைகளைக் கொண்டுவருவார். தடவைக்கு ஒரு செட்தான். செபஸ்தியன் கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் கொள்கலன்களைச் சரிபார்ப்பது வேலை, கடையில் உரத்துக் கதைப்பது குணம். டில்ஷானி ஹெவ்லொக் டவுனில் பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளர். பிறர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவள் என்பதாலோ என்னவோ, இந்த வாசகர் வட்டத்தில் வாயை மூடச் சொல்லும் சட்டத்தை இயற்றியவளும் அவள்தான்.

அந்தச் சட்டம் இப்படி வந்தது. செட் ஒன்று, ஆட்கள் நாலு. யார் முதலில் வாசிப்பது என்பதில் ஒரு காலத்தில் பெரிய மனத்தாங்கல். டில்ஷானி நீதியான வழியொன்றைக் கண்டுபிடித்தாள். நாலு பாகக் கதையென்றால் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு பாகம் எடுத்துக்கொள்வது. மாதம் முடியக் கையிலிருப்பதைப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்துவிட்டு மற்றப் பக்கத்திலிருந்து வருவதை வாங்கிக்கொள்வது. எல்லோருக்கும் ஒரே நாளில் புத்தகம் கிடைத்துவிடும். கதை மட்டும் ஒருவருக்குத் தலையிலிருந்தும் ஒருவருக்கு வாலிலிருந்தும் வரும். அது கதையின் பிரச்சினை. ஆனபடியால் கூட்டத்தில் அபிப்பிராயம் சொல்லலாம், கதை சொல்லக்கூடாது.

நீதியும் ஒழுங்கும் இவ்வளவு பூரணமாக அமைந்துவிட்ட இடத்தில் குழப்பம் வராமல் வேறெங்கே வரும்?

இம்முறை வந்தது ஒரு வெளிச்சவீட்டின் கதை. தீவொன்றில் தோரென் என்ற காவலாளி. ஓர் இரவு விளக்கு அணைந்துபோகிறது. கப்பலொன்று பாறையில் மோதிச் சிதறுகிறது. ஞானசம்பந்தத்துக்குச் சீட்டில் விழுந்தது நாலாம் பாகம். அதாவது நீதிமன்றம். விளக்கை வேண்டுமென்றே அணைத்தாய் என்று தோரெனைக் கூண்டில் நிறுத்தியிருக்கிறார்கள். அவன் வாயே திறப்பதில்லை. தீர்ப்பு வருமுன் கதையும் முடிந்துவிடுகிறது. நாலாம் பாகத்தில் கதையைத் தொடங்குவது வேறொருவருக்கு எரிச்சலாயிருந்திருக்கும். ஞானசம்பந்தத்துக்கு அது வழமையான வேலைநாள்.

முதல் கூட்டத்தில் தேநீர் வருவதற்கு முன்னமே அவர் அறிவித்தார்.

"என்ர அபிப்பிராயம், தோரென் நிரபராதி."

முதல் பாகம் மட்டும் வாசித்திருந்த செபஸ்தியன் வடையைக் கீழே வைத்தார். "என்ன குற்றத்துக்கு அண்ணை? அவன் இன்னும் தீவிலயே வந்து இறங்கேல்லை!"

"இறங்கட்டும். இறங்கினாப் பிறகும் நிரபராதிதான்."

"எனக்கெண்டா அந்த ஆளின்ர முழியே பிடிக்கேல்லை. கொலைகார முழி."

"முழியைப் பார்த்து முடிவு சொல்றதெண்டா கொழும்பில ஓட்டோ ஓடுற ஒருத்தருக்கும் காப்புறுதி குடுக்கேலாது." ஞானசம்பந்தம் முன்னால் சாய்ந்தார். "வழக்கில ஒரு படம் காட்டுறாங்கள். விளக்கறைக் கண்ணாடி உடைஞ்சு தூள் முழுக்க அறைக்குள்ள கிடக்கு. உள்ளுக்க கிடக்கெண்டா என்ன கருத்து? வெளியில இருந்து எறிஞ்சிருக்கு."

"அங்கிள், இது கதை," என்றாள் டில்ஷானி.

"இல்லைப் பிள்ளை, இது சாட்சியம்."

ஹமீட் மட்டும் சீனி போடாத தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு விழுந்தது மூன்றாம் பாகம். அந்த இரவு உண்மையில் என்ன நடந்தது என்பது அதில் மட்டும்தான் இருக்கிறது. நீதிமன்றத்துக்கே தெரியாத விஷயம் ஹமீடுக்குத் தெரியும். மூன்றாம் பாகம் கைமாறி வரும் வரிசையில் ஞானசம்பந்தம் கடைசி ஆள்.

அந்தக் கலக்கலைப் பார்த்த பிறகாவது அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "தோரென் குற்றவாளியெண்டு வந்துதெண்டா, நான் இந்த வட்டத்தை விட்டே போறன். பகிடிக்குச் சொல்லேல்லை."

"அல்லாவே, சேர்," என்றார் ஹமீட். "அப்பிடியெல்லாம் செல்ல வாணாம்."

ஏன் அப்படிச் சொல்ல வேண்டாம் என்று அவர் விளக்கவில்லை. சொன்னால் கதை.

அன்று தொடங்கிய குழப்பம் மூன்று மாதம் நீடித்தது. வீடு திரும்பும் வழியிலேயே ஞானசம்பந்தம் ஹமீடின் வார்த்தைகளைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். தோரென் குற்றவாளி என்பதால் சொல்ல வேண்டாம் என்றாரா? நிரபராதி என்பதால், வீண் சத்தியம் என்றாரா? விபத்து நடந்த இடத்தில் தார் ரோடுகூட இதைவிடத் தெளிவாகப் பேசும்.

இரண்டாம் கூட்டத்துக்குள் அவர் முதல் பாகத்தை வாசித்திருந்தார். அதில் ஒரு கெட்ட செய்தி. அந்தக் கப்பலின் முதலாளி, முன்பொருமுறை தோரெனின் தம்பியைப் பழுதான படகில் கடலுக்கு அனுப்பிச் சாகடித்தவன். ஆக, பழி வாங்கக் காரணம் இருக்கிறது. "காரணம் இருக்கிறவனெல்லாம் செய்யிறதெண்டால் கொழும்பில ஆர் மிஞ்சுவினம்?" என்று அவர் கேட்டது உரத்துத்தான் கேட்டது, ஆனால் பழைய உரம் இல்லை.

இப்போது மூன்றாம் பாகத்தை முடித்திருந்தவர்கள் இரண்டு பேர். ஹமீட் தன் வடைத் தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டார். டில்ஷானி, "அங்கிள், உங்கட கண்ணாடி விஷயம் சரிதான்," என்றாள். சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"சரியெண்டால் பெருமூச்சு என்னத்துக்கு?"

"அது கதை. நான் சொல்லேலாது."

"பெருமூச்சும் கதையோ?"

"இந்தப் பெருமூச்சு கதை அங்கிள்."

அன்றிரவு அபிராமி, "அந்தப் பிள்ளைக்கு ஃபோன் அடிச்சுக் கேளுங்கோவன்," என்றாள். சட்டத்தை மீறுவதா என்று ஞானசம்பந்தம் சினந்தார். பிறகு, கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்பதுதான் தன் பயம் என்று அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. அதை அபிராமியிடம் அவர் சொல்லவில்லை.

மூன்றாம் கூட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். அதுவரை கொலைகாரன், கொலைகாரன் என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்த செபஸ்தியன் அன்று தட்டவில்லை. "நான் ஒண்டும் கதைக்கேல்லை" என்று சொல்லிவிட்டு உண்மையாகவே கதைக்காமல் இருந்தார். துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் இரைச்சலுக்கு மேலால் பேசிப் பழகிய மனிதர் மௌனமாயிருந்தால் கடையில் மின்விசிறிச் சத்தம் கேட்கும் என்பதே அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. கலையும்போது மூன்றாம் பாகத்தை நீட்டினார்.

"அண்ணை, ஆறுதலா வாசியுங்கோ. அவசரமில்லை."

செபஸ்தியன் எந்த விஷயத்திலும் அவசரமில்லை என்று சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. ஞானசம்பந்தம் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

பல்கனியில் கதிரையைப் போட்டுக்கொண்டு அன்றைக்கே அவர் வாசித்து முடித்தார். முடித்ததும் திரும்ப முதல் பக்கத்துக்குப் போனார். அபிராமி இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னவாம், அவனோ செய்தது?"

"அவனில்லை."

"அப்ப நல்லம்தானே."

"அவன்தான்."

அவள் அவருடைய நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். கண்ணாடியை உடைத்தவன் கப்பல் முதலாளியோடு பங்குச் சண்டையிலிருந்த மருமகன். வெளியிலிருந்துதான் கல்லெறிந்தான். கடல்காற்று உள்ளே புகுந்து விளக்கை அணைத்தது. இதுவரை ஞானசம்பந்தம் சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி. பிறகு தோரென் படியேறி வருகிறான். கையில் தீப்பெட்டி. வருவது யாருடைய கப்பல் என்று அவனுக்குத் தெரியும். அங்கிருந்து மூன்று பக்கங்களுக்கு ஒரு வசனமும் இல்லை. அவன் படியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தீப்பெட்டி கையிலேயே இருக்கிறது. நாலாவது பக்கத்தில் கப்பல் மோதுகிறது.

ஒருவர் மோதினார், மற்றவர் மோதப்பட்டார் என்பதற்கு ஞானசம்பந்தத்திடம் விதி இருந்தது. இருவரும் பாதிப் பாதி என்பதற்கும் இருந்தது. கையில் பிரேக் இருந்தும் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு என்ன விதி என்று அந்த மாதம் முழுவதும் யோசித்தார். அந்த மாதம் அவருடைய அறிக்கைகள் வழமையைவிடத் தாமதமாகின என்று அலுவலகத்தில் குறைபட்டுக்கொண்டார்கள்.

நாலாம் கூட்டத்துக்கு அவர் கொஞ்சம் முந்தியே போய்விட்டார். மற்ற மூவரும் அதற்கும் முந்தி வந்து, தங்களுக்குள் எதையோ பேசி முடித்துவிட்டவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். அவர் கதிரையை இழுக்கவில்லை. கையில் புத்தகத்தோடு நின்றபடியே சொன்னார்.

"தோரென் குற்றவாளி. நான் வாறன்."

"இரிங்க சேர், இரிங்க," என்று ஹமீட் எழும்பினார். "அவன் வெளக்க அணைக்கல்லதானே? நீங்க முந்தியே சென்னீங்க, கண்ணாடி, வெளி, கல்லு. எல்லாம் சரி. அவன் நிரபராதி."

"கொளுத்தவும் இல்லையே!"

"அந்தக் காத்தில பத்தியிருக்காது அங்கிள்," என்றாள் டில்ஷானி.

"பத்துமோ பத்தாதோ எண்டு ஒரு குச்சியை உரசிப் பார்த்தவனோ? ஒரே ஒரு குச்சி? அந்தக் கப்பலில முதலாளி மட்டுமோ இருந்தவன்? மாலுமியள் எத்தினை பேர், அவங்கள் என்ன பிழை செய்தவங்கள்?"

செபஸ்தியன் தொண்டையைச் செருமினார். "அண்ணை, தம்பியைப் பறிகுடுத்தவன். பாவம்தானே. கை எழும்பியிருக்காது."

"நீர்தானே ஐசே கொலைகாரன் எண்டு மேசையைத் தட்டினனீர்!"

"அது முதல் பாகத்தில."

"ரெண்டாம் பாகத்திலயும் தட்டினனீர். மூண்டாம் பாகம் வாசிச்சாப் பிறகு ஏன் நிப்பாட்டினனீர்? அதில என்னத்தைக் கண்டு மனம் மாறினது?"

செபஸ்தியனுக்குப் பொய் வராது. "புத்தகத்தில ஒண்டும் காணேல்லை," என்றார். "உங்கட முகத்தைக் கண்டனான்."

ஞானசம்பந்தம் வெகுண்டுவிட்டார். முகம் பார்த்துத் தீர்ப்பை மாற்றுவதா, அதற்கு வட்டம் எதற்கு, அபிப்பிராயம் எதற்கு என்று கேட்டார். மூன்று மாதமாகத் தோரெனுக்காக வாதாடியவர் இப்போது அவனைத் தூக்கில் போடச் சொன்னார். அவனைக் கொலைகாரன் என்று மேசையைத் தட்டியவர் அவனுக்குப் பிள்ளை குட்டி இருக்கிறதா என்று ஆராய்ந்தார். கூட்டத்தின் முடிவில் வாக்கெடுப்பும் நடந்தது. மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தோரென் விடுதலை. ஞானசம்பந்தம் வட்டத்தில் இருக்கலாம்.

"இது பிழையான தீர்ப்பு," என்றார் அவர். "பிழையான தீர்ப்பில என்னால இருக்கேலாது. நான் விலகிறன்."

படியிறங்கிப் போய்விட்டார். ஹமீட் பணத்தை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் ஓடினார். டில்ஷானி கைப்பையை மறந்து, திரும்ப வந்து எடுத்துக்கொண்டு ஓடினாள். கீழே காலி வீதி எனும் பெருந்தெருவின் பஸ் தரிப்பில் நாலு பேரும் மறுபடி ஒன்றாக நின்றார்கள். ஞானசம்பந்தத்தின் வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறது, அவருக்கு பஸ்ஸே தேவையில்லை. ஆனாலும் நின்றார். விலகிய ஒருவருக்குக் கடைசியாக ஒரு வார்த்தை சொல்லும் உரிமையாவது உண்டு என்று நினைத்திருக்கலாம். சொன்னார். ஹமீட் மறுத்தார். ஆகவே இன்னொன்று சொல்ல வேண்டியதாயிற்று. காத்திருந்த ஒரு பெண்மணி, வழக்கு காணி வழக்கா என்று டில்ஷானியிடம் மெதுவாக விசாரித்தார்.

புறக்கோட்டை பஸ் வந்தது. "நகின்ன, நகின்ன" என்று நடத்துனர் சிங்களத்தில் ஏறச் சொல்லி அவசரப்படுத்தினார். ஹமீடும் செபஸ்தியனும் ஏறினார்கள். பஸ் நகரத் தொடங்கியபோது செபஸ்தியன் மிதிபலகையில் நின்றபடி திரும்பிக் கத்தினார்.

"அண்ணை! தீப்பெட்டி நனைஞ்சிருந்தது!"

ஞானசம்பந்தம் அப்படியே நின்றார். அவர் மூன்றாம் பாகத்தை எத்தனை தரம் வாசித்தார் என்பது அபிராமிக்குத் தெரியும். நனைந்த தீப்பெட்டி எந்தப் பக்கத்திலும் இல்லை. இருக்கவே முடியாது. இல்லாத சாட்சியத்தை ஒரு மனிதன் நடுவீதியில் உரத்துச் சொல்லிவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவதா?

"அங்கிள், கவனம்!" என்று டில்ஷானி கத்த, அவர் இரண்டு எட்டு ஓடிக் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டார். வாகனம் நின்ற பின்னர் மட்டும் அதன் அருகே போய்ப் பழகிய மனிதர், ஓடுகிற வாகனத்தில் தொற்றியது இதுதான் முதல் தரம்.

உள்ளே சனம். நடத்துனர் தோளைத் தட்டி, "கொஹாடத?" என்று கேட்டார், எங்கே போக வேண்டுமாம். ஞானசம்பந்தத்தின் ஒழுங்கை ஏற்கெனவே பின்னால் போய்விட்டிருந்தது.

"இவர் இறங்கிற இடத்துக்கு," என்று செபஸ்தியனைக் காட்டிச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மற்றக் கையால் மூன்றாம் பாகத்தை அவர் முகத்துக்கு நேரே விரித்தார்.

"எந்தப் பக்கத்தில நனைஞ்சிருக்கு? காட்டும் பாப்பம்."