குனிய முடியாத ஆரஞ்சு

வெல்டா ஸ்டக்கி தரையில் கிடக்கும் குப்பையை நின்று எடுத்து நான் பார்த்ததில்லை. நடை குறையாது, பேச்சும் நிற்காது. உடம்பு மட்டும் இடுப்பிலிருந்து ஒருபக்கமாகச் சரிந்து நிமிரும். நிமிரும்போது கையில் ஒரு காகிதம் இருக்கும். கேளிக்கைப் பூங்காவில் வேலை செய்கிற எங்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லித் தருவார்கள். மற்றவர்களுக்குச் சீருடையைக் கழற்றியதும் அது விட்டுப்போகும். வெல்டாவுக்குப் போகவில்லை. மளிகைக் கடையில் எடுப்பாள், பல் மருத்துவரின் வாசலில் எடுப்பாள். அவள் நாத்தனார் கல்யாணத்தில் ஒரு சின்னப் பெண் முன்னால் ரோஜா இதழ்களைத் தூவிக்கொண்டு போக, வெல்டா பின்னாலேயே அவற்றைப் பொறுக்கிக்கொண்டு போனாள். அந்தப் படம் இன்னும் நாத்தனார் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

குப்பையைத் தவிர இன்னும் இரண்டு சொல்லித் தருவார்கள். பூங்காவுக்கு வருகிற விருந்தினர்கள் முன்னால் ஓடக்கூடாது. ஓடினால் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று அவர்கள் பயந்துபோவார்கள். விருந்தினர் எதைக் கேட்டாலும் 'இல்லை', 'முடியாது' என்று சொல்லக்கூடாது. குதிரை ராட்டினத்துக்குப் பக்கத்தில் பாப்கார்ன் வண்டி போட்டு இருபது வருஷத்துக்கு மேல் நின்ற வெல்டாவின் வாயிலிருந்து அந்தச் சொற்களை யாரும் கேட்டதில்லை. பாப்கார்ன் தீர்ந்துபோனால்கூட, "கொஞ்சம் பொறுங்க கண்ணு, உங்களுக்காகவே புதுசா பொரிக்கப்போறேன்" என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஐம்பத்தாறாவது வயதில் ஓட ஆசை வந்தது.

ஜனவரி மாதம் எங்கள் பூங்காவில் அரை மராத்தான் நடக்கும். விடிவதற்கு முன்பே நெடுஞ்சாலையில் ஆரம்பித்து, பூங்காவுக்குள் புகுந்து, கோட்டைக்கு முன்னால் வளைந்து, பின்பக்கத்து வேலையாட்கள் சாலை வழியாக வெளியே வந்து முடியும். பதின்மூன்று மைல். தேவதை, கடற்கொள்ளைக்காரன், தேனீ என்று ஆளுக்கொரு வேஷத்தில் ஓடுவார்கள். நடுநடுவே, உள்ளே ஆள் இருக்கிற எங்கள் பூங்காவின் பொம்மைகள் நிற்கும்; வரிசையில் நின்று அவற்றோடு படம் எடுத்துக்கொண்டு மறுபடி ஓடுவார்கள். வெல்டா வருஷா வருஷம் அங்கே தண்ணீர் கொடுக்கப் போவாள். ஒரு வருஷம் திரும்பி வந்தவள் கேன்டீனில் உட்கார்ந்ததும், "அடுத்த தடவை நான் ஓடப்போறேன்" என்றாள்.

அவள் கணவர் ஹாய்ட் சாண்ட்விச்சிலிருந்து வாயை எடுக்காமல், "எங்க, வீட்டுக்கா?" என்று கேட்டார்.

ஹாய்ட் பூங்காவில் பேருந்து ஓட்டுகிறவர். அந்த ஓட்டத்தில் அவருக்கும் ஒரு வேலை உண்டு. மெதுவாக ஓடுகிறவர்களுக்கும் ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் கடைசியில் தலையில் ஊதாநிறப் பலூன் கட்டிய இரண்டு பெண்கள் கூடாமல் குறையாமல் ஒரே வேகத்தில் நடந்து வருவார்கள். அவர்கள் யாரைத் தாண்டிப் போகிறார்களோ அவருக்கு அன்றைய ஓட்டம் அத்தோடு சரி. பின்னால் ஊர்ந்து வரும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தப் பேருந்தை ஓட்டுகிறவர் ஹாய்ட்.

வெல்டா தங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்தைச் சுற்றி ஓடிப் பழகினாள். கரையில் நிற்கும் பெரிய நாரைகள் அவளுக்காக நகரக்கூட இல்லை. "நீ ஓடுறேன்னு அதுங்களுக்கே தெரியலை" என்று ஹாய்ட் சமையலறை ஜன்னலிலிருந்து கத்துவார். ஆனாலும் கோடை முழுக்க ஓடினாள். முதல் வருஷம் நன்றாகத்தான் ஓட ஆரம்பித்தாளாம். பிறகு தண்ணீர்ப் பந்தல் வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் குடித்துவிட்டுக் கீழே எறிந்த காகிதக் கோப்பைகள் சாலையை மூடிக் கிடந்தன. அவள் ஒன்றை எடுத்தாள். பிறகு இன்னொன்று. பந்தல் ஆட்கள், "மிஸ் வெல்டா, விடுங்க, நாங்க பெருக்கிக்கிறோம்!" என்று கெஞ்சியிருக்கிறார்கள். கை நிறைய கோப்பையோடு அவள் நிமிர்ந்தபோது பலூன் பெண்கள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பேருந்துக் கதவு திறந்தது. "ஏறும்மா, ஜன்னல் சீட்டு போட்டு வெச்சிருக்கேன்" என்றார் ஹாய்ட்.

இரண்டாம் வருஷம் அவள் கோப்பைகளைப் பார்க்காமல் தாண்டிவிட்டாள். ஆனால் பாதை அவளுடைய பாப்கார்ன் வண்டியின் முன்னால் போனது. அங்கே வாழைப்பழத் தோல் கிடந்தது. "வேற எங்க கிடந்தாலும் போயிருப்பேன். என் வண்டிக்கு முன்னாடி கிடந்தா எப்படிப் போவேன்?" என்று பிறகு எங்களிடம் நியாயம் கேட்டாள். ஒரு தோலை எடுத்தவள் பக்கத்தில் கிடந்ததையும் எடுத்தாள். அந்த வருஷமும் ஜன்னல் சீட்டுதான். பேருந்தில் வருகிறவர்களுக்கும் பதக்கம் கொடுப்பார்கள். வெல்டா வாங்கிக்கொள்ளவில்லை.

தேவாலயத்து விருந்துகளில் ஹாய்ட் இதை நடித்தே காட்டுவார். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பவள் வெல்டாதான். ஆனால் ஒரு நாள் துணி மாற்றிக்கொள்ளும் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது அவள் வேறு மாதிரி பேசினாள்.

"நில்சா, அவரு சொல்றதெல்லாம் சிரிப்பாத்தான் இருக்கு. ஆனா அந்த பஸ் படி இருக்கு பாரு, அதுல ஏறுறப்போ என்னவோ மாதிரி ஆயிடுதுடி. இன்னொரு தடவைதான் பார்ப்பேன். இந்தத் தடவையும் அதுல ஏறினேன்னா, ஷூவைத் தூக்கி அவர் தங்கச்சிக்குக் குடுத்துட்டுப் பேசாம இருந்துடுவேன்."

நான் தையல் அறையில் வேலை செய்கிறேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டு ஊசியைப் பிடித்தவள். பேச்சு எனக்கு அவ்வளவாக வராது. அன்றைக்கும் கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்து அவள் இடுப்பை அளந்தேன்.

"எதுக்கு இது?"

"நீ குனிய முடியாதபடி ஒண்ணு தைக்கிறேன்."

எங்கள் ஊர் ஆரஞ்சுக்குப் பேர் போனது. அதனால் ஆரஞ்சு தைத்தேன். பாவாடை விரிந்து நிற்க உள்ளே வைக்கிற மெல்லிய வளையங்களை மார்பிலிருந்து தொடைவரை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்து, மேலே காற்றுப் போகிற துணி போட்டேன். தலைக்குப் பச்சை இலை வைத்த தொப்பி. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்ற வெல்டா கீழே பார்க்க முயன்றாள்.

"அடியே, என் காலே தெரியலை!"

"அதுக்குத்தான்."

குனிந்து பார்த்தாள். வளையம் நெஞ்சில் முட்டியது. பக்கவாட்டில் சரிந்து பார்த்தாள்; அதுவும் நடக்கவில்லை. அறையே அதிரச் சிரித்தாள். வீட்டில் ஹாய்ட் அவளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பஸ்ல இந்த சைஸுக்கு சீட்டு கிடையாதே" என்றாராம்.

"அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு" என்றாளாம் அவள்.

ஓட்டத்தன்று சலவைக் கூடத்து ஆட்களும் நாங்களும் பின்பக்கச் சாலையோரம் போய் நின்றோம். பத்தாவது மைல் அது. பனி இன்னும் விலகவில்லை. சலவைக்காரர் டுவெய்ன் ஒரு காலி வாளியைக் கொண்டுவந்து தட்டிக்கொண்டிருந்தார். வேகமாக ஓடுகிறவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். நடந்தும் ஓடியும் வருகிறவர்கள்தான் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு ஆரஞ்சு உருண்டு வருவது தெரிந்தது.

"வந்துட்டா! மிஸ் வெல்டா வந்துட்டா!" என்று டுவெய்ன் வாளியை இரண்டு கையாலும் அடித்தார். பலூன்கள் கண்ணுக்கே தெரியவில்லை. காலடியில் என்ன கிடந்தது என்று தெரியாமல் எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு, முகம் சிவந்து, பல் தெரியச் சிரித்தபடி வந்தாள்.

எங்களுக்குச் சற்று முன்னால் ஒரு தேனீ அவளை மறித்தது.

"ஐயோ, எவ்வளவு அழகு! இது புதுசா? போன வருஷம் இல்லையே! ஒரு படம் எடுத்துக்கலாமா?"

நான் கொஞ்சம் நன்றாகவே தைத்துவிட்டிருந்தேன். பூங்கா புதிதாக இறக்கிவிட்ட பொம்மை என்று நினைத்துவிட்டார்கள். வெல்டா நின்றாள். இரண்டு கையையும் விரித்து, தலையைச் சாய்த்து, பொம்மைகள் நிற்கிற மாதிரியே நின்றாள். படம் எடுத்தார்கள். தேனீ நகர்ந்ததும் அடுத்த ஆள் வந்தார். அதற்குள் பின்னால் ஒருவர், "வரிசை இதுதானே?" என்று கேட்டு நின்றார். அவருக்குப் பின்னால் நான்கைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் வரிசையைப் பார்த்தால் எதற்கென்று கேட்காமலே நின்றுவிடுவார்கள்.

"என்ன பண்றா இவ?" என்றார் டுவெய்ன். "மிஸ் வெல்டா! நீங்க ஓட வந்தீங்க! ஓடுங்க!"

அவள் எங்களைப் பார்த்தாள். போக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் முன்னால் விருந்தினர் நிற்கிறார், கேட்கிறார். கை தானாக விரிந்தது. இன்னொரு படம். இன்னொன்று.

வளைவில் செடிகளுக்கு மேலே இரண்டு ஊதாப் பலூன்கள் ஆடிக்கொண்டு வந்தன. அவற்றுக்குப் பின்னால் பேருந்தின் ஒலிப்பான் தாளம் போட்டு அடித்தது. ஹாய்ட் அவளைப் பார்த்துவிட்டார் என்று அர்த்தம்.

வரிசையில் அடுத்து நின்றவள் கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். ஓஹியோவிலிருந்து வந்தவள், பெயர் ஆர்டித் என்று பிறகு தெரிந்துகொண்டோம். அலைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "என் தங்கச்சிக்கு அனுப்பணும்ங்க. ஒண்ணே ஒண்ணு. தயவு பண்ணுங்க" என்றாள்.

வெல்டாவின் வாய் திறந்தது. மூடியது. டுவெய்ன் வாளி தட்டுவதை நிறுத்திவிட்டார்.

"இல்லைங்க" என்றாள் வெல்டா.

சொன்னதும் அவளே திடுக்கிட்டுப் போனாள். பிறகு இன்னும் சத்தமாகச் சொன்னாள். "இல்லைங்கம்மா, முடியாது. நான் இன்னைக்கு வேலையில இல்லை. உங்களை மாதிரி நானும் ஓடத்தான் வந்தேன்."

"அப்ப நீங்க பூங்காவோட ஆரஞ்சு இல்லையா?"

"நான் யாரோட ஆரஞ்சும் இல்லை! பின்னாடி பாருங்க, பலூன் வருது! எல்லாரும் ஓடுங்க!"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. யாரோ கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார். அடுத்த நொடி கடற்கொள்ளைக்காரன், கன்னியாஸ்திரீ, ஆர்டித், நடுவில் ஆரஞ்சு என்று ஒரு கூட்டமே எங்களைத் தாண்டி ஓடியது. நாங்கள் கத்திய கத்தலில் சலவைக் கூடத்து மேற்பார்வையாளர் வெளியே வந்து என்ன ஆயிற்று என்று பயந்து கேட்டார்.

பலூன் பெண்கள் எங்களைக் கடந்தபோது பேருந்தும் வந்தது. ஹாய்ட் ஜன்னலில் தலையை நீட்டினார். "எங்க போறா அவ?"

"உங்க பஸ்ஸை விட்டுத் தூரமா!" என்றார் டுவெய்ன்.

ஹாய்ட் சிரிக்கவில்லை. முன்னால் சின்னதாகிக்கொண்டே போன அந்த ஆரஞ்சைப் பார்த்தார். "நிஜமாவே ஓடுறாளேய்யா" என்றார். அதற்குப் பிறகு அவர் ஒலிப்பானைத் தொடவில்லை.

கடைசி மூன்று மைலைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. ஆர்டித் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாவிட்டால் தான் பாலத்து ஏற்றத்திலேயே உட்கார்ந்திருப்பேன் என்கிறாள் வெல்டா. தான்தான் ஆரஞ்சின் பின்பக்க வளையத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனேன், அதனால்தான் அது உடைந்தது என்கிறாள் ஆர்டித். வளையம் உடைந்தது மட்டும் உண்மை. முடிவுக் கோட்டைத் தாண்டியபோது ஆரஞ்சு ஒருபக்கம் சப்பிப்போய், யாரோ கடித்து வைத்த மாதிரி இருந்ததாம். பலூன்கள் இன்னும் ஒரு தெரு தள்ளி வந்துகொண்டிருந்தன.

பதக்கம் போட வந்த பெண்ணுக்கு இலைத் தொப்பியைத் தாண்டி நாடாவை மாட்டத் தெரியவில்லை. வெல்டாவே தொப்பியைப் பிடுங்கிவிட்டுக் கழுத்தை நீட்டினாள்.

ஹாய்ட் பேருந்தை நிறுத்தி, ஏறியிருந்தவர்களை இறக்கிவிட்டு, கூட்டத்துக்குள் புகுந்து வந்தார். பதக்கத்தைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"உனக்காக ஜன்னல் சீட்டைக் காலியா வெச்சிருந்தேன்."

"உங்க பஸ் லேட்டு" என்றாள் வெல்டா.

அவர் அங்கேயே, எல்லோர் முன்னாலும், அந்தச் சப்பிப்போன ஆரஞ்சைக் கட்டிப் பிடித்தார். இன்னொரு வளையமும் உடைந்தது.

அதற்குப் பிறகு வெல்டா மேலும் நான்கு முறை ஓடியிருக்கிறாள். அதில் ஒரு வருஷம் முழங்கால் வீங்கி, தண்ணீர்ப் பந்தலோடு நின்றுவிட்டாள். ஹாய்ட் ஓய்வு பெற்றுவிட்டார். அந்தப் பேருந்தை இப்போது வேறு ஒருவர் ஓட்டுகிறார். ஆர்டித் ஒவ்வொரு ஜனவரியும் வந்து அவர்கள் வீட்டுப் பின்னறையில் தங்குகிறாள். வெல்டாவுக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. வாரத்தில் மூன்று நாள் பாப்கார்ன் வண்டியில் நிற்கிறாள். வருகிற ஜனவரி ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.