விடுதி மேசையில் கட்டிய தாலி

தொண்ணூறுகளின் கடைசியில் உறவினர் திருமணத்துக்காக நானும் மனைவியும் மாமல்லபுரத்தில் தங்கிய விடுதியின் மேலாளர், ஒழுக்கத்தில் மிகுந்த அக்கறை உள்ளவர். அடிமட்டம் வைத்து இழுத்தது போன்ற விபூதிக் கோடுகள். பேசும்போதெல்லாம் மேசை மணியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். குடும்பஸ்தங்க வர்ற எடம் இது. தாலி பாக்காம சாவி தர்றதில்ல" என்றார். என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு தாலியை எடுத்துக் காட்டினாள்.

மாலையில் மாடிப்படியில் ஒரு சிறுமி அழுதுகொண்டு நின்றாள். இரட்டைச் சடையில் பள்ளி ரிப்பன். கழுத்தில் ஈரம் காயாத மஞ்சள் கயிறு.

"யாரும்மா இதக் கட்டுனது?" என்று கேட்டாள் மனைவி.

"வேலை வாங்கித் தரேன்னு ஒரு ஆளு இட்டாந்தாருக்கா. தாலி இல்லன்னதும் மேனேஜரே டிராயர்லேர்ந்து எடுத்துக் கட்டிவுட்டாரு. நான் வூட்டுக்குப் போவணும்க்கா."

மனைவி கீழே மேசையருகே நின்ற மேலாளரை எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "யோவ், அப்ப நீதான்யா இவ புருஷன்!"

சிறுமியை எங்கள் அறைக்குள் இழுத்துத் தாழிட்டுக்கொண்டாள். நான் தெருமுனை பூத்துக்கு ஓடிப் போலீசுக்குச் சொன்னேன். ஜீப் வந்தது. அழைத்து வந்தவன் பின்வாசலில் அகப்பட்டான். போலீஸ் தகவல் சொல்ல, இருட்டுவதற்குள் சதுரங்கப்பட்டினத்திலிருந்து தாய் வந்து, கயிற்றை அறுத்தெறிந்துவிட்டு மகளைக் கூட்டிப் போனாள்.

மேலாளரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறுமுன் என்னிடம் சொன்னார்: "நீங்களே சொல்லுங்க சார். தாலி இல்லாம ஒருத்தரையாவது நான் உள்ள வுட்டுக்கீறனா?"

அவர் கண்கள் கலங்கியிருந்தன. அது நடிப்பில்லை. இன்றுவரை எனக்கு விளங்காதது அதுதான்.