நட்டத்தில் ஓடுகிற பஸ்

எங்கள் பஸ் நட்டத்தில் ஓடுகிறது என்பது எனக்குப் பல வருடமாகத் தெரியாது. டிக்கெட் காசு கொடுக்கிறோம், அந்தக் காசில் டீசல் அடிக்கிறார்கள், பஸ் மலையேறுகிறது. இப்படித்தான் நினைத்திருந்தேன். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். வேறு விதமாக யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில் என் வேலை போனது.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் மேல் டிவிஷனில் எங்கள் வீடு. நான் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் பெயர் பதியவில்லை. கல்யாணமான அடுத்த வருடமே கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் சேர்ந்தேன். சாரிப் பக்கம் நிற்பது என் வேலை. கால் வலிக்கும், ஆனால் சம்பளம் மாதம் தவறாது. என் வீட்டுக்காரர் மேசன் வேலைக்குப் போகிறவர். மழை பெய்தால் அவருக்கு வேலையில்லை. கண்டியில் எவ்வளவு மழை பெய்யும் என்று கண்டிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில்தான்.

கடை சாத்த ஏழரையாகும். அதற்குப் பிறகு டவுனிலிருந்து ஒரு அரசாங்க பஸ் மேல் டிவிஷன் வரைக்கும் வரும். அதுதான் கடைசி. பிரைவேட் பஸ்காரர்கள் மலையடியில் இருக்கிற கீழ்ச் சந்தியோடு திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். அதற்கு மேலே ரோட்டும் சரியில்லை, ஆளும் இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு யாரும் நட்டத்தைக் கட்டித் தரப்போவதில்லை. அந்தக் கடைசி பஸ் இருந்ததால்தான் என்னால் டவுனில் வேலை பார்க்க முடிந்தது. பல நாள் அதில் ஏழெட்டுப் பேர்தான் இருப்போம். ஆளுக்கொரு சீற்றில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவோம்.

ஒரு நாள் கண்டக்டர் என்னிடம் வந்து ரகசியம் போலச் சொன்னார். சிங்களவர், நல்ல மனிதர். தங்கச்சி என்கிற மாதிரி என்னை நங்கி என்றுதான் கூப்பிடுவார். கையில் பை கனமாக இருந்தால் வாசலுக்கு நேரே பஸ்ஸை நிறுத்தச் சொல்லுவார்.

"நங்கி, அடுத்த கிழமை கொழும்புல இருந்து மாத்தயா வாறாங்க. ஆள் எண்ணப் போறாங்க. பஸ்ல ஆள் இல்லாட்டி பஸ் இல்ல."

அவர் எங்கள் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார். அவருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். நான் அதைத் தலைவரிடம் சொன்னேன். தலைவர் என்றால் எங்கள் டிவிஷனில் தொழிற்சங்கத்துக்குத் தலைவர். அவர் அன்றைக்கே கோயிலடியில் எல்லோரையும் கூட்டிவிட்டார். ஆள் எண்ண வருகிற அன்றைக்குப் பஸ் ஒவ்வொரு தடவை போகும்போதும் நிறைந்திருக்க வேண்டும், ஒரு சீற் காலியாகத் தெரியக் கூடாது என்றார். அவரவர் டிக்கெட்டை அவரவர் எடுக்க வேண்டும் என்பதற்கு மட்டும் கொஞ்சம் முணுமுணுப்பு வந்தது. பிறகு அதற்கும் ஒத்துக்கொண்டார்கள்.

எங்கள் ஆட்கள் சம்பள உயர்வுக்குக் கூட அவ்வளவு ஒற்றுமையாக நின்றதை நான் பார்த்ததில்லை. தீபாவளிக்கு எடுத்த சாரியை உடுத்திக்கொண்டு பெண்கள் வந்தார்கள். வருடக்கணக்கில் டவுன் பக்கம் போகாத கிழவர்கள் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வந்தார்கள். டவுனில் அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் உட்கார்ந்து வடை தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். வந்தவர்களே மறுபடியும் இறங்கிப் போனார்கள். தலைவர் சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு எத்தனை தடவை ஏறி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. கடைசி பஸ்ஸில் நான் வேலை முடிந்து வந்து ஏறியபோது எனக்கு நிற்கத்தான் இடம் கிடைத்தது. என் இடத்தில் தலைவருடைய மாமியார் உட்கார்ந்து, பஸ் குலுக்கல் ஒத்துக்கொள்ளாமல் சத்தியெடுத்துக்கொண்டிருந்தார்.

கொழும்பு ஐயா முன் சீற்றில் பலகை ஒன்றை மடியில் வைத்து எழுதிக்கொண்டு வந்தார். மேலே வந்து இறங்கியதும் அவருக்குச் செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அவர் சந்தோஷமாகக் குடித்துவிட்டு, தலைவருக்குக் கை கொடுத்து, மிக நல்ல ரூட் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு லயத்தில் சிரிப்பும் கும்மாளமும். பஸ்ஸைக் காப்பாற்றிவிட்டோம் என்று நானும் நம்பினேன்.

இரண்டு மாதத்தில் கடைசி பஸ்ஸை நிறுத்தினார்கள்.

ஒரு அறிவித்தலும் இல்லை. நான் பஸ் ஸ்டாண்டில் நின்று, நின்று, கடைசியில் பக்கத்தில் இருந்த கடலைக்காரரிடம் கேட்டேன். இனிமேல் வராதாம் என்றார். அன்றைக்கு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். ஆட்டோக்காரர் கேட்ட காசைக் கொடுத்த பிறகு அன்றைய சம்பளத்தில் மிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு டிப்போவுக்குப் போனேன். அங்கே நேரம் குறிக்கிற பெரியவர் ஒருவர் என்னை உட்காரச் சொல்லி, சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். எங்கள் ரூட் டிக்கெட் காசில் ஓடிய ரூட் இல்லையாம். ஆள் குறைந்த, நட்டம் வருகிற பாதைகளுக்கு அரசாங்கம் கொழும்பிலிருந்து பணம் கொடுக்கிறது. அந்தப் பணம் வருவதால்தான் டிப்போ அங்கே பஸ் விடுகிறது. இந்த முறை எண்ணிப் பார்த்ததில் எங்கள் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை என்று எழுதிவிட்டார்கள். நிறைந்து ஓடுகிற பஸ்ஸுக்கு எதற்கு உதவி? பணத்தை வேறு பாதைக்கு மாற்றிவிட்டார்கள். பணம் நின்றதும் டிப்போ கணக்குப் பார்த்தது. எந்த ஓட்டத்தில் ஆள் ஆகக் குறைவோ அதை வெட்டியது. அது என்னுடைய பஸ்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெரியவரைத்தான் திட்டினேன். பாவம், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஆள் இல்லாவிட்டால் பஸ் இல்லை என்றார்கள், ஆளைக் காட்டினோம், ஆள் இருப்பதால் பஸ் இல்லை என்கிறீர்கள், நாங்கள் எத்தனை பேர் இருந்தால் உங்களுக்குச் சரி என்று கேட்டேன். அவர் ஒரு கிளாஸ் தண்ணீரை என் பக்கம் தள்ளி வைத்தார்.

அன்றைக்கு டிப்போவிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் அந்தக் கொழும்புப் பணத்தைப் பற்றித்தான் யோசித்தேன். அரசாங்கத்துக்கு அந்தப் பணம் எங்கேயிருந்து வருகிறது? நான் வாங்குகிற சவர்க்காரத்தில் வரி இருக்கிறது. சீனியில் இருக்கிறது. மன்னாரில் ஒருத்தி போனுக்குக் காசு போட்டால் அதில் இருக்கிறது. காலி ஊரில் ஒருவன் சீமெந்து மூட்டை வாங்கினால் அதில் இருக்கிறது. இத்தனை வருடமும் எனக்கு முகம் தெரியாத ஆட்கள் சேர்ந்து என்னை மலைக்கு ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அவர்கள் ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு நானும் கட்டியிருக்கிறேன். இதை நினைக்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது, நல்ல மாதிரியாகத்தான். ஆனால் உடனே கோபமும் வந்தது. தோட்டத்து ஆட்களுக்கு எல்லாம் சும்மா கிடைக்கிறது என்று கடையில் பேசுவார்கள். கார்கள் பறக்கிற பெரிய ரோட்டையும் இதே பணத்தில்தான் போட்டார்கள். அந்த ரோட்டோரம் பலகையோடு நின்று தலையை எண்ணுகிற ஒருவரை நான் இதுவரைக்கும் பார்க்கவில்லை.

கொஞ்ச நாள் கீழ்ச் சந்தி வரைக்கும் பிரைவேட் பஸ்ஸில் வந்து, அங்கேயிருந்து நடந்தேன். என் வீட்டுக்காரர் டோர்ச்சோடு பாதி வழியில் வந்து நிற்பார். காட்டுப்பன்றிக்குப் பயந்தோம், அட்டைக்குப் பழகினோம். ஆனால் ஒரு நாள் அவர் வருமுன்னே ஒரு வான் வண்டி என் பக்கத்தில் மெதுவாக ஊர்ந்து வந்தது. உள்ளே இருந்தவர்கள் ஒன்றும் செய்யவில்லை, சிரித்தார்கள். அதோடு நடப்பதை விட்டேன்.

கடை முதலாளியிடம் போய், இப்போது கடைசியாக மேலே வருகிற பின்னேர பஸ்ஸுக்கு நேரத்தோடு விடச் சொல்லிக் கேட்டேன். அவர் அலவத்துகொடக்காரர். அவரும் பஸ்ஸில் வந்து கடை போட்டவர்தான். ஒரு மாதம் விட்டார். மற்றப் பிள்ளைகள் முகத்தைத் தூக்கினார்கள். பிறகு ஒரு நாள் கூப்பிட்டார்.

"புள்ள, ஒன்ன அனுப்ப எனக்கு மனசில்ல. ஆனா பொழுதுபட்ட பொறகுதான் எனக்கு யாவாரமே ஈக்கிது. அந்த நேரம் நீ இல்லாட்டி எனக்கு என்ன பிரயோசனம், நீயே சொல்லு."

அவர் சொன்னதில் பிழையில்லை. என் இடத்துக்கு வத்தேகமவிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். அவளுடைய ஊருக்கு இரவிலும் பஸ் இருந்தது. எனக்குக் கீழ்ச் சந்தியில் ஒரு மருந்துக் கடையில் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்தது. மத்தியானத்தோடு முடியும். சம்பளமும் பாதியோடு முடியும்.

அதற்குப் பிறகு நானும் லயத்துப் பெண்கள் சிலரும் டிப்போவுக்கு நடையாய் நடந்தோம். மறுபடியும் எண்ணுங்கள் என்பதைத் தவிர நாங்கள் வேறு எதையும் கேட்கவில்லை. எங்கள் தொல்லை தாங்காமலோ என்னவோ, வருகிறோம் என்றார்கள். உடனே தலைவர் மறுபடியும் கோயிலடியில் கூட்டம் போட்டார். இந்தத் தடவை ஒருத்தரும் பஸ்ஸில் ஏறக் கூடாது என்றார். வெறும் பஸ்ஸைப் பார்த்துவிட்டுப் பணம் தரட்டுமாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"ஆளே இல்லாத ஊருக்கு எதுக்கு பஸ்ஸுன்னு கேட்டா என்னா சொல்லுவீங்க? போறவங்க போங்க. போகாதவங்க வீட்டுல இருங்க. நம்ம எப்படி இருக்கோமோ அப்படியே பாத்துட்டுப் போகட்டும்."

"வந்துட்டாங்க போக்குவரத்து அமைச்சர் அம்மா" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவருடைய மாமியார் இனிமேல் செத்தாலும் அந்தப் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்றதும் கூட்டம் என் பக்கம் சாய்ந்துவிட்டது.

இந்த முறை வந்தது ஒரு இளம் பெண். யாழ்ப்பாணத்துப் பேச்சு. தூறல் விழுந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் வழக்கமான ஆட்கள்தான், பாதி சீற் காலி. நான் மருந்துக் கடை முடிந்து வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். கடைசி பஸ்ஸில் வந்தவள் நான், அந்த பஸ் இல்லாததால் என் வேலை போனது, வேலை போனதால் நான் இப்போது அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் இல்லை என்று சொன்னேன்.

"நா நிக்கிறதே இல்ல. அப்ப என்னைய எப்படி எண்ணுவீங்க?"

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"விளங்குது அக்கா. ஆனா பஸ்ஸில இருக்கிற ஆக்களைத்தான் நான் எண்ணலாம்."

அவள் பொய் சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. இறங்கும்போது என் பையை எடுத்துத் தந்தாள்.

சித்திரை வருடப் பிறப்புக்குப் பிறகு கடைசி பஸ் திரும்பி வந்தது. அவள் ஏதாவது எழுதினாளா, டிப்போவில் யாராவது மனம் மாறினார்களா, எனக்குத் தெரியாது. நான் புடவைக் கடைக்குப் போய் முதலாளியைப் பார்த்தேன். வத்தேகமப் பிள்ளை கெட்டிக்காரி, அவளை அனுப்ப முடியாது என்றார். பெருநாள் யாவாரத்துக்கு ஆள் தேவைப்பட்டால் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். சரி என்று வந்துவிட்டேன்.

போன மாதம் என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கப் போய் நேரமாகிவிட்டது. வேலை போன பிறகு முதல் தடவையாக அந்தக் கடைசி பஸ்ஸில் ஏறினேன். அதே கண்டக்டர். ஐந்தாறு பேர் இருந்தோம். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "ஆள் இல்ல நங்கி" என்று கவலைப்பட்டார்.

"இல்லாட்டித்தான் ஐயா காசு வரும். நீங்க யாருக்கும் ஒண்ணும் சொல்லிறாதீங்க" என்றேன். அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

மேலே வந்து நான் இறங்கியபோது எனக்குப் பின்னால் ஒரு பெண் இறங்கினாள். எங்கள் கடைசி லயத்துக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்தவள். டவுனில் ஒரு பேக்கரியில் சேர்ந்திருக்கிறாளாம். பஸ் திரும்பி வந்த பிறகு சேர்ந்தவள். கையில் பாண் பொட்டலம், மாவு படிந்த செருப்பு. என்னோடு சேர்ந்து நடந்தாள்.

"இந்த பஸ்ஸு என்னைக்குமே லேட்டு அக்கா. ஒரு நாளாச்சும் நேரத்துக்கு வருதா பாருங்க" என்றாள்.

எனக்கு முதலில் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு பார்த்தேன். நானும் அந்தக் காலத்தில் இதே இடத்தில் இறங்கி இதே பஸ்ஸை இப்படித்தான் திட்டிக்கொண்டு போவேன்.

"டிப்போவுல போய்ச் சொல்லு. நானும் வாறேன்" என்றேன்.