உடன் பணியாளர் துணையுடன்

எக்ஸ்பிரஸ் அக்காவுக்குக் கண் தெரியாது என்பதைவிட, எனக்குக் கண் தெரியும் என்பதுதான் எங்கள் அலுவலகத்தில் பெரிய தொல்லையாகப் போயிற்று. தெரிந்ததால்தானே என்னைப் பிடித்து அவர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவு எங்களுடையது. குழாய் உடைந்துவிட்டது, தண்ணீர் கலங்கலாக வருகிறது, வரவே இல்லை என்று காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கும். அக்காவுக்குக் கல்லூரியில் படிக்கும்போது பார்வை போயிற்று. படிப்பை விடாமல் முடித்து, தேர்வு எழுதி வேலைக்கு வந்தவர். வீட்டுக்காரர் தையல்காரர், இரண்டு பெண்கள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை அவர் ஓடவிடுகிற வேகத்தில் நம் காதுக்கு வெறும் கொசு ரீங்காரம்தான் கேட்கும். அதனால்தான் எக்ஸ்பிரஸ். கத்திக்கொண்டே போன் செய்கிறவரிடம்கூட முதலில் தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் வாங்கிவிட்டு, பிறகுதான் திட்டவே விடுவார்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடத்தில் போன வருஷம் புது மென்பொருளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். விடுப்பு, சம்பளச் சீட்டு, மருத்துவச் செலவு, பதவி உயர்வு எல்லாம் இனி அதற்குள்தான். பார்க்க அழகோ அழகு. எழுத்தே இல்லாமல் எங்கே பார்த்தாலும் படம் போட்ட பட்டன்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அது இன்னது என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் அக்காவின் மென்பொருள் வாசித்திருக்கும். சேர்க்கவில்லை. அது பாட்டுக்கு ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று ஒப்பித்தது. எந்தப் பட்டன் எதற்கு என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அக்கா மேலாளரிடம் போய்ச் சொன்னார். மேலாளர் கெட்டவர் இல்லை. ஆனால் எதைச் சொன்னாலும் ‘பார்க்கலாம்மா’ என்பார், அதோடு சரி. மென்பொருள் கம்பெனியோ மொத்தத்தையும் பிரித்துப்போட்டுத்தான் கட்ட வேண்டும் என்று கையை விரித்துவிட்டது. மேலிடத்தில் கூடிப் பேசினார்கள். கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது: ‘மாற்றுத்திறனாளிப் பணியாளர், உடன் பணியாளர் ஒருவரின் துணையுடன் தகவல் தொழில்நுட்ப வசதிகளைப் பயன்படுத்த இயலுமாயின், அதுவே சம அணுகல் எனக் கொள்ளப்படும்.’ இதை எழுதிய கைக்குத் தங்கக் காப்புதான் போட வேண்டும். அந்த உடன் பணியாளர் யார்? நான். என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை.

அன்றிலிருந்து என் போன் ஒரு பக்கம் அலறும், நான் அக்காவுக்குப் பட்டன் அழுத்திக்கொண்டிருப்பேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் மருத்துவச் செலவைப் பதிவதற்காக, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் அக்கா செய்துகொண்ட பரிசோதனை ஒன்றின் ரசீதை நான் படிக்க வேண்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, “யார்கிட்டயும் சொல்லிடாதடி” என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அடுத்தவர் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு ஏன் தெரிய வேண்டும்?

அப்போதுதான் எங்கள் பிரிவுக்குக் கண்காணிப்பாளர் பதவி வந்தது. ஒரே ஒரு இடம். இந்தப் பிரிவை எப்படிச் சீர்செய்வீர்கள் என்ற கேள்விக்குப் பதில் எழுதி மென்பொருள் வழியாகவே அனுப்ப வேண்டும். காகிதமும் மின்னஞ்சலும் செல்லாது. அக்கா பல வருஷமாகக் காத்திருந்த பதவி. நானும் விடுகிற ஆள் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் போட்டி.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு, அக்காவுடையதையும் நீயே டைப் பண்ணிடும்மா என்றார். சார், நானும் விண்ணப்பிக்கிறேன் என்றேன். அதனால் என்ன, நீ நல்ல பொண்ணுதானே என்றார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வெளியே வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நேராக மேலாளர் அறைக்குள் நடந்தார்.

“சரி சார். நான் எழுதறத இவ முதல்லயே பாத்துடுவா. அதனால இவ எழுதறதையும் எனக்குப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க.”

“அதெப்படிம்மா? அது ரகசியமில்லையா?”

“என்னோடது?”

‘பார்க்கலாம்மா’ என்றார் மேலாளர். அக்கா விடவில்லை. “எனக்குத் துணைக்கு ஆள் வேண்டாம் சார். இவளுக்கு என்ன திறக்குதோ அது எனக்கும் திறக்கணும். அதே நாள்ல, என் கையால. இதுக்குப் பேருதான் சமம்.”

நான் டைப் பண்ண மாட்டேன் என்று நானும் சொன்னேன். அப்படியானால் அவங்க விண்ணப்பிக்கவே முடியாதே, பாவமில்லையா என்று மேலாளர் என் பக்கம் திரும்பினார். பாவமாம். எனக்கு வந்த கோபத்தில், போட்டியாளரின் விண்ணப்பத்தை என்னை எழுதச் சொன்னார்கள் என்று மேலிடத்துக்கு எழுதிப்போடுவேன், யாருக்குப் பதவி கிடைத்தாலும் செல்லாமல் போகும் என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மனுஷர் அசைந்தார். கடைசி நாளைத் தள்ளிவைத்தார். கம்பெனிக்கு அவரே போன் போட்டார்.

மறுநாள் காலையில் ஒரு பொறியாளர் வந்து அமர்ந்தார். ஒவ்வொரு பட்டனுக்கும் பின்னால் ‘விடுப்பு’, ‘சம்பளச் சீட்டு’, ‘பதவி உயர்வு’ என்று எழுதிக்கொண்டே போனார். அக்காவைக் கேட்கச் சொல்லி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வேலை முடிந்தது. மொத்தத்தையும் பிரிக்கவும் இல்லை, கட்டவும் இல்லை. இந்த வேலைக்கா இத்தனை மாதம் என்று எனக்கு வயிறு எரிந்தது. அக்காவுக்கு எப்படி இருந்திருக்கும்!

சாப்பிட்டு வந்ததும் அக்கா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அவருக்குத் திரை எதற்கு? அதை அணைத்தே வைத்திருப்பார். கறுப்புத் திரைக்கு முன்னால் அவர் விரல்கள் சடசடவென்று ஓடின. நடுவில் நிறுத்தி யோசித்தார், தனக்குத்தானே சிரித்துக்கொண்டார், மறுபடி அடித்தார். நான் பக்கத்து நாற்காலியில் என்னுடையதை எழுதிக்கொண்டிருந்தேன். அனுப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

பதவி அவருக்குத்தான் போயிற்று. எனக்கு எரிச்சல்தான், இல்லை என்று பூசி மெழுக என்ன இருக்கிறது? மனசு ஆறியபிறகு ஒருநாள், அப்படி என்னதான் எழுதினீர்கள் என்று கேட்டேன்.

“அது உனக்கெதுக்குடி?” என்றார்.

இன்றுவரை எனக்குத் தெரியாது.